அத்தோக்கடை லோகநாதனும் செரிக்காத நூடுல்ஸும்

டோல்கேட் பக்கம் அத்தோ எங்கே நன்றாக இருக்கும் என்று உள்ளூர்க்காரனைக் கேட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். மோவாயை மட்டும் லோகநாதனின் வண்டி நிற்கிற திசைக்குத் திருப்புவான். அதற்கு மேல் அந்தக் கடைக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. தேவைப்பட்ட மிச்சத்தை லோகநாதனே தன் வாயால் பார்த்துக்கொண்டார்.

அத்தோ என்பது பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த பண்டம். அவித்த மஞ்சள் நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போடத் தட்டை. இத்தனையும் ஏனத்தில் விழுந்ததும் வெறுங்கை உள்ளே இறங்க வேண்டும். கரண்டியால் கிளறினால் அது அத்தோ இல்லை, சித்தாள் கலக்கும் சிமெண்ட். இது லோகநாதன் போட்ட சட்டம்.

ஒருமுறை காலேஜ் பையன் ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு பிசையக்கூடாதா என்று கேட்டுவிட்டான். லோகநாதன் பிசைவதை நிறுத்தவில்லை.

“கண்ணு, உங்கம்மா உனக்கு சோறு ஊட்டசொல்ல கிளவுசு போட்டுக்கினாங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டு இரண்டு தட்டு வாங்கித் தின்றான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் லோகநாதன். யாரோ ஒருவர் வண்டியில் எச்சில் தட்டு கழுவ ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்தமாக வண்டிகள், தண்டையார்பேட்டையில் மாடி வைத்த வீடு என்று நிற்கிறார். அந்த மாடிக்கு ஏறும் படியில் நின்றுகொண்டு, “இது செங்கல்லு இல்ல மாமு, மொத்தமும் இந்தக் கை” என்று வலதுகையை நீட்டிக் காட்டுவார். பார்க்கிறவர்களுக்கும் அது சரியென்றே படும். அவ்வளவு பெரிய கை.

அவரிடம் இன்னும் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, வைத்தியர் வாசல் மிதித்ததில்லை. இன்னொன்று, கறியைப் பாதி வெந்ததும் எடுத்துத் தின்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், அவர் வண்டிக்கு நூடுல்ஸ் செய்து தரும் ராசையாவின் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேருமாக அடுப்பு மூட்டிப் பன்றிக்கறி வறுப்பார்கள். ராசையா பர்மாவிலிருந்து வந்த குடும்பம், நிதானமான மனுஷன், கறி வேகும்வரை குத்துக்காலிட்டுக் காத்திருப்பான். லோகநாதனுக்குப் பொறுக்காது. உள்ளே சிவப்பு தெரியும்போதே துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

“வேகட்டும் லோகு.”

“முழுக்க வெந்த கறி பல்லு போனவனுக்குடா. இதுலதான் தெம்பு கீது.”

அந்தத் தெம்புக்குச் சாட்சி என்று அவர் ஊருக்குக் காட்டியது தன் பேத்தி மதியை.

மதிக்கு ஒன்பது வயது. லோகநாதனின் மகள் செங்கொடிக்கு ஒரே பெண். செங்கொடி எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் லாரி வரவு போக்கு பார்க்கிறாள்; புருஷன் டிரெய்லர் ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி ரோட்டில்தான் குடித்தனம். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மதி நேராகத் தாத்தா வண்டிக்கு வந்துவிடுவாள். அன்றைய முதல் தட்டு அவளுக்கு. தட்டில் கூடப் போட மாட்டார், பிசைந்த கையாலேயே ஊட்டிவிடுவார். பன்றிக்கறி மட்டும் அவளுக்குக் கிடையாது. செங்கொடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருஷமாக மதியின் உடம்பு திரண்டு வந்தது. தோள் உருண்டது, புஜம் பருத்தது, கெண்டைக்கால் கட்டைபோல நின்றது. கவுன் போட்ட பயில்வான் மாதிரி இருந்தாள். லோகநாதன் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“அமுக்கிப் பாரு. பாத்தியா? கல்லு. எல்லாம் நம்ம கை ருசி.”

அமுக்கிப் பார்த்தவர்கள் விரலுக்குச் சுண்டைக்காய் அளவில் ஏதோ உருளும். தோலுக்கடியில் அங்கங்கே இருந்தது. செங்கொடி ஒரு கிளினிக்கில் காட்டினாள், கொழுப்புக் கட்டி என்று சொல்லி அனுப்பினார்கள். “கொயுப்பு இல்ல, நரம்பு முறுக்கேறுது” என்று லோகநாதன் திருத்தினார். அந்தப் பயில்வானோ வீட்டு மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறினாள், பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “வெயிட்டு ஜாஸ்தி. லாரி மோட்டுல மெதுவாத்தான் ஏறும்.”

இதே காலத்தில் அவருக்கு ராசையாவோடு ஒரு தகராறும் நடந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் போவார், மாவுப் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“உன் நூடுல்ஸ் செரிக்க மாட்டேங்குது.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“எப்டி தெரியும் உனக்கு?”

அதை லோகநாதன் சொல்லவில்லை. காலைக்கடனில் கண்ட காட்சியை ஆம்பிளை ஆம்பிளையிடம் சொல்வதற்கு ஒரு வரைமுறை உண்டல்லவா. தட்டையாக, வெள்ளையாக, ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டின மாதிரி வந்துகொண்டிருந்தது. அத்தோ போடும் மனுஷன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? மஞ்சள் கலர் வயிற்றில் கரைந்துபோனது, நூடுல்ஸ் மட்டும் அப்படியே வந்துவிட்டது என்று அவர் கணக்குப் போட்டார். ராசையா மாவை ஒழுங்காகப் பிசையவில்லை. குற்றம் அவனுடையது.

இப்படியே போயிருக்கும். எதிர்த்தாற்போல மீன் வறுவல் போடும் சொக்கம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

சொக்கம்மாள் காசிமேட்டுப் பக்கத்துக் குப்பத்து மனுஷி. லோகநாதன் விடுகிற உதாரைத் தினமும் எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கேட்டுக் காது புளித்தவள். அவள் பேரன் வெற்றி, மதியோடு ஒரே வகுப்பு. நெத்திலிக்குச் சட்டை போட்டது மாதிரி இருப்பான்.

“யோவ் லோகு, சும்மா புஜத்தக் காட்டினு கீறியே, எங்க வெற்றிகூட ஒரு கை வெச்சு மடக்கச் சொல்லு பாப்போம்.”

“வாணாம்மா. புள்ள கை ஒடிஞ்சா நீதான் அழுவ.”

“ஒடிஞ்சா கட்டிக்கிறோம், வுடு.”

பெஞ்சு போட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். மதி சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அந்தக் கட்டைக் கையை ஊன்றினாள். வெற்றி தன் குச்சிக் கையைக் கொடுத்தான். ராசையா ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான்.

குடையை மடக்குவது மாதிரி மடக்கிவிட்டான் பையன்.

“இன்னொரு தபா” என்றார் லோகநாதன். இன்னொரு தபாவும் அதேதான். இடதுகையும் அதேதான். வெற்றியே பயந்துபோய், “நான் அயுத்தவே இல்ல ஆயா” என்று சொக்கம்மாளைப் பார்த்தான். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. லோகநாதனுக்கு முகம் தொங்கிவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று அவர் வாயைத் திறந்தபோது மதியின் கண் மேலே செருகியது. வாய் கோணியது. பெஞ்சிலிருந்து சரிந்து கீழே விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

சிரிப்பு அப்படியே நின்றது. ஆளாளுக்கு இரும்பு தேடினார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒருவன் லாரிச் சாவியைத் திணித்தான், ராசையா நூடுல்ஸ் அரிக்கும் கரண்டியைத் திணித்தான், சொக்கம்மாள் மீன் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தாள், யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரர்தான் இரும்பையெல்லாம் தள்ளிவிட்டுப் பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, “ஏத்துங்கய்யா” என்றார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானட் என்ற பெண் இருந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வலிப்பை அடக்கினாள். மதியின் புஜத்தை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கியவர்கள் எல்லாரும் இதுவரை சிரித்திருந்தார்கள், அவள் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். படம் வந்ததும் செங்கொடியையும் லோகநாதனையும் கூப்பிட்டு விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினாள்.

தோள், கை, தொடை, முதுகு, மூளை, எல்லா இடத்திலும் அரிசியை வாரி இறைத்த மாதிரி இருந்தது.

“இது சதை இல்லம்மா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவோட குஞ்சு, ஒரு சின்னப் பையில உட்கார்ந்திருக்கு. சதைக்குள்ள இத்தனை இருக்கறதாலதான் உடம்பு பெருசாத் தெரியுது. தெம்பு இருக்காது. ஒண்ணு ரெண்டு வரதை அடிக்கடி பார்ப்போம். உடம்பு பூரா இப்படி, அதுவும் சின்னப் பிள்ளைக்கு வரது ரொம்ப அபூர்வம்.”

“புள்ள பொயைக்குமா டாக்டர்?” செங்கொடி அதை மட்டும்தான் கேட்டாள்.

“பொழைக்க வைக்கலாம். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல கொல்ல முடியாது, செத்தா அங்கங்க வீங்கும், மூளையும் வீங்கும். முதல்ல வீக்கத்தை அடக்கணும், வலிப்பை அடக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணும். அதுக்கு முன்னாடி இது எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். நான் உள்ள கொன்னுக்கிட்டே இருக்கும்போது யாரோ புதுசா ஊட்டிக்கிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்? அடுத்தது கண்ணுல போய் உட்காரலாம்.”

“எம்புள்ள பன்னிக்கறி தொட்டதே கெடயாது” என்றாள் செங்கொடி.

“அவ சாப்பிட வேண்டாம். வேகாத கறி சாப்பிடற வேற ஆளுக்கு வயித்துல நீளமா நாடாப்புழு வளரும். அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, கல்லு மாதிரி இருப்பார். புழுவோட முட்டை மலத்துல வரும். கையை சோப்பு போட்டுக் கழுவாம பிள்ளைக்கு ஊட்டினா, முட்டை பிள்ளை வயித்துக்குப் போய் குஞ்சு பொரிச்சு ரத்தத்துல ஏறிடும். அவளுக்குக் கையால சாப்பாடு குடுக்கறவங்க யார் யாரோ, எல்லாரும் நாளைக்கு டப்பால மலம் கொண்டு வாங்க.”

லோகநாதன் சளைக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவு, கார்ப்பரேஷன் தண்ணீர், சொக்கம்மாளின் மீன் சட்டி என்று சந்தேகப் பட்டியலை ஒப்பித்தார். ஜானட் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

“வீட்டுல யாராவது இந்த மாதிரி பார்த்திருக்கீங்களா? வெளிக்குப் போகும்போது?”

தட்டையாக, வெள்ளையாக, ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டின மாதிரி.

லோகநாதனுக்கு ராசையாவின் மாவுப் பலகை ஞாபகம் வந்தது. எத்தனை தட்டுத் தட்டியிருப்பார்.

“இல்லியே” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நூடுல்ஸ் கொட்டகைக்குள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு உருவம் நுழைந்தது. கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா.

“ராசையா, தோஸ்து. உன்னுது கொஞ்சம் குடு.”

“இன்னாத்த?”

“அதான்.”

ராசையா டப்பாவைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். “ஏன்யா, அக்கம்பக்கத்துல சர்க்கரை கேப்பாங்க, காபித்தூள் கேப்பாங்க. இதயுமா கேப்பாங்க? உன்னுது இன்னா ஆச்சு?”

“வயிறு கட்டிக்கிச்சு. காலைல டாக்டரம்மாகிட்ட குடுக்கணும். கொயந்த வெவகாரம், பேஜாரு பண்ணாத.”

ராசையா கையிலிருந்த மாவை உதறிவிட்டு எழுந்தான். “குடுக்கறேன். ஆனா மொதல்ல என் நூடுல்ஸ் நல்லா செரிக்குதுன்னு சொல்லு.”

“செரிக்குது.”

“சத்தமா.”

“செரிக்குதுடா, சோமாரி.”

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. செங்கொடி சுத்தம். அவள் புருஷன் சுத்தம். லோகநாதன் என்று பேர் எழுதிய டப்பாவில் கொக்கிப்புழு. நாடாப்புழு யாருக்கும் இல்லை. ராசையாவின் வயிற்றில் எத்தனையோ வருஷமாக ஓசியில் குடியிருந்த கொக்கிப்புழு லோகநாதன் பேரில் பிடிபட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டுபோய் ராசையாவிடம் கொடுத்து, “சத்து மாத்திரை, துன்னு” என்றார். சோகை பிடித்துக் கிடந்த ராசையா அதற்கப்புறம் நாளுக்கு நாள் மினுமினுத்தான். அது வேறு கதை.

ஜானட் விடவில்லை. “ஐயா, உங்க கடையில யார் கையால பிசையறாங்க?”

“நான் ஒருத்தன்தான். எத்தினி வண்டி கீதோ அத்தினிக்கும் என் கைதான், வேற யாரயும் தொட வுட மாட்டேன்.” பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நானும் ராயபுரம்தான். சோப்பு டப்பால மண்ணை அடைச்சு வித்தவனை எல்லாம் பார்த்து வளர்ந்தவ” என்றாள்.

லோகநாதன் வண்டிகளில் ‘மராமத்து வேலை’ என்று அட்டை மாட்டினார். உருளுகிற வண்டிக்கு என்ன மராமத்து என்று தெருவில் பேச்சு. தெருக்குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்தார், கழுவினார், மறுபடியும் தேய்த்தார். சொக்கம்மாள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“இன்னா லோகு, யாருக்குனா ஆபரேஷன் பண்ணப் போறியா?”

“உன் வாய்க்குத்தான்.”

“கை தேஞ்சிரப் போவுது. அத வெச்சுத்தான மாடி கட்டுன?”

அவர் பதிலுக்கு மறுபடியும் சோப்பை எடுத்தார். அதுதான் சொக்கம்மாளுக்குக் கவலையாகப் போனது. லோகநாதனுக்கு வாய் அடைத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை.

அவர் தன்னளவில் ஒரு திட்டம் போட்டிருந்தார். பேத்திக்கு இனிமேல் கையால் ஊட்டுவதில்லை. மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை ஒன்று வாங்கி ரகசியமாக விழுங்கிவிடுவது. கடைக்காரன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்பு மாத்திரையைத்தான் கொடுத்தான். மறுநாள் காலையிலும் ரிப்பன் வந்தது. வந்தால் என்ன, கையைக் கழுவினால் போகிறது, யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும், கடையின் பேர் நிற்கும். இது திட்டம்.

வார்டில் மதி சாப்பிட மறுத்தாள். மருந்தில் வாய் கசந்துவிட்டது. இட்லி வேண்டாம், ரொட்டி வேண்டாம். “தாத்தாவ ஊட்டச் சொல்லு” என்றாள். செங்கொடி தயிர்சாதத்தைப் பிசைந்து ஏனத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

“நைனா, ரெண்டு வாய் குடு. நீ குடுத்தாத்தான் துன்னும்.”

லோகநாதன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீயே குடு.”

“இன்னா நைனா?”

“எனக்கு கை வலி.”

மதி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

“தாத்தாக்கு என் மேல கோவம். நான் வெற்றிகிட்ட தோத்துட்டேன்ல.”

லோகநாதனுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்தார். அங்கே குழாய் இருந்தது, அதில் ஒரு தடவை கையைக் கழுவினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பின்னாலேயே செங்கொடி வந்தாள்.

“புள்ள அயுவுது, நீ இங்க கை கயுவினு கீற.”

“செங்கொடி, அந்தப் பூச்சி என்னாண்டதான் கீது.”

“இன்னா?”

“என் வயித்துல. ரெண்டு வருசமா வருது. நூடுல்ஸுன்னு நெனச்சேன்.”

செங்கொடிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், அது அவருக்குத் தெரிந்த வித்தை.

“அப்போ அந்த டப்பா?”

“ராசையாது.”

“ஒரு வாரம் நைனா. ஒரு வாரமா அந்தம்மா ஊர் பூரா தேடினு கீது.” அவள் அவர் கையைப் பார்த்தாள். “அந்தக் கைய எனக்குக் காட்டாத. டாக்டரம்மாவாண்ட எடுத்துக்கினு போ.”

மறுநாள் காலை வெளிநோயாளிக் கூட்டத்துக்கு நடுவே லோகநாதன் டப்பாவோடு நின்றார். வரிசையைத் தாண்டி உள்ளே போய் ஜானட்டின் மேஜைமேல் வைத்தார். வெட்கத்தைப் பேச்சால் மூடுகிற பழக்கம் எங்கே போகும்.

“டாக்டரம்மா, இது என்னுது. ஒரிஜினல். இதுக்கு முன்னாடி குடுத்தது டூப்ளிகேட்டு.”

ஜானட் டப்பாவைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தாள். “ஒரு வாரத்தை வீணாக்கிட்டீங்க ஐயா” என்றாள். அதில் கோபம் இருந்தது. “முந்தியே சொல்லியிருந்தா அவளுக்கு மருந்தை ஆரம்பிச்சிருப்பேன்.”

அவருக்குச் சரியான மாத்திரை கொடுத்தார்கள். புழு வந்தது. எவ்வளவு நீளம் என்று அவர் நர்ஸம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நர்ஸ் சொன்னது ஆறடி, ராசையாவிடம் சொன்னபோது அது பத்தடி ஆகியிருந்தது. “சாதா ஆளு வயித்துல இவ்ளோ பெருசு வளராதாம்” என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

“என் நூடுல்ஸுன்னு சொன்னியே” என்றான் ராசையா. “ரெண்டு வருசமா.”

“செரிக்குதுன்னு சொல்லிட்டேன்ல, வுடு.”

மதிக்கு மருந்து ஆரம்பமானது. முதல் சில நாள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தியது. இன்னொரு வலிப்பும் வந்தது. ஜானட் சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். அப்புறம்தான் அவள் லோகநாதனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு விஷயம் சொன்னாள்.

“உங்க கையால சாப்பிட்டது மதி மட்டும் இல்ல. டோல்கேட் பசங்க எல்லாரும் சாப்பிட்டிருக்காங்க. கட்டி இருக்கா, வலிப்பு வருதான்னு பார்க்கணும், மலமும் சோதிக்கணும். ஹெல்த் போஸ்ட்டுல முகாம் போடச் சொல்லியிருக்கேன். சனத்தைக் கூப்பிடணும்.”

“கூப்டுங்க டாக்டரம்மா. கடை பேரு, ஆளு பேரு வாணாம். பொதுவா சொல்லிட்டாப் போதாது?”

“சொல்லலாம். எந்தக் கடைன்னு தெரியாம, அங்க சாப்பிட்டவங்க யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

லோகநாதன் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நானே கூப்புடறேன்” என்றார் கடைசியில். “என் பேர நான் சொன்னாத்தான் சரியா இர்க்கும். வேற எவனாவது சொன்னா அசிங்கமா சொல்லுவான்.”

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார். எலெக்‌ஷனுக்குக் கட்டுகிற அதே ஆட்டோ. டோல்கேட்டிலிருந்து கிளம்பி சந்து சந்தாகப் போனது. ஓட்டுக் கேட்க வருகிறார்கள் என்று கதவைச் சாத்தப்போனவர்கள் குரலைக் கேட்டு நின்றார்கள்.

“அத்தோக்கடை லோகநாதன் பேசறேன். இந்த ஏரியாவுலயே பெரிய நாடாப்பூச்சி என் வயித்துலதான் இருந்துச்சு. பத்தடி. ஆஸ்பத்திரியில கேட்டுக்கலாம். அது போட்ட முட்டை என் கையில இருந்துகீது. அந்தக் கையாலதான் உங்களுக்கு அத்தோ பிசைஞ்சேன். கோவம் வந்தா வூட்டாண்ட வந்து திட்டுங்க, கதவு தொறந்துதான் கீது. ஆனா அதுக்கு முன்னால உங்க புள்ளைங்கள ஹெல்த் போஸ்ட்டாண்ட கூட்டினு போங்க. எம்பேத்தி படுத்துனு கீது. உங்க புள்ள படுக்க வாணாம்.”

திட்ட வந்தவர்கள் உண்டு. ஒருவன் வண்டியின் கண்ணாடியை உடைத்தான். லோகநாதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாங்குவது அவருக்குப் புதுசு, அதனால் சில சமயம் மறந்துபோய்ப் பதில் சொல்லிவிடுவார்.

முகாமுக்கு முதலில் யாரும் வரவில்லை. வெளியே கூட்டமாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் டப்பாவோடு முதல் ஆளாக நடக்க யாருக்குத்தான் மனசு வரும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சொக்கம்மாள் வந்தாள், ஒரு கையில் வெற்றி, இன்னொரு கையில் பெரிய எவர்சில்வர் டிபன் கேரியர்.

“இன்னாம்மா, கேரியர்ல கொண்டாந்துகீற” என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த நர்ஸ்.

“டப்பாவா? டப்பா இடுப்புல கீது. இது உங்களுக்கு வஞ்சிர வறுவல். நாள் பூரா அத்தயே பாத்துனு குந்தினா உங்களுக்கும் வாய் நல்லா இர்க்கணும்ல.”

கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே வரிசை நின்றுவிட்டது. வெற்றிக்கு ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் காலத்துக் குடோனுக்குப் பின்னால் இருக்கிற சந்திலிருந்து வந்த ஒரு சின்னப் பையனுக்கு மட்டும் அக்குள் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதாக ஜானட் சொன்னாள். அந்தப் பையனின் தாய் லோகநாதனைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மதி வீட்டுக்கு வந்தபோது பயில்வானைக் காணோம். மாதம் போகப்போகத் தோள் வற்றியது, புஜம் இறங்கியது, ஒன்பது வயதுப் பெண் எப்படி இருப்பாளோ அப்படி ஆனாள். வலிப்பு மாத்திரை இன்னும் வருஷக்கணக்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சில பாடம் மறக்கிறது என்கிறாள். ஆனால் மாடிப்படியில் உட்காராமல் ஏறுகிறாள். செங்கொடி அப்பாவோடு பேச ஆரம்பித்தாள், அளவாக.

லோகநாதனை மாதக்கணக்கில் சோதித்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று ஜானட் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வண்டி மட்டும் திறந்தது. பிசைவது ராசையா, இடுக்கியால். சிமெண்ட் மாதிரிதான் இருந்தது என்று லோகநாதன் முணுமுணுத்தார். பழைய வரிசையில் பாதி கூட இல்லை. மதி பள்ளிக்கூடப் பையோடு, செங்கொடியையும் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

“இன்னாம்மா?”

“நீ ஊட்டு.”

லோகநாதன் செங்கொடியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “புள்ளயயே கேளு” என்றாள். அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டார், முழங்கை வரை தேய்த்தார், கழுவினார், உதறிக்கொண்டு வந்து கையை நீட்டினார். மதி அந்தப் பெரிய கையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“நகம் வெட்டல. போய் வெட்டிக்கினு திரும்பக் கயுவிக்கினு வா.”

எதிரே எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் சொக்கம்மாள் சிரித்த சிரிப்பு டோல்கேட் சிக்னல் வரைக்கும் கேட்டது. லோகநாதன் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, “யாருனா நெகவெட்டி வெச்சினு கீறீங்களா?” என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார்.